முன்னாடி சரி, பின்னாடிதான் தூக்குது

வண்டியின் நோயைச் சொல்ல நம்மிடம் நல்ல வினைச்சொற்கள் இருக்கின்றன. இழுக்குது, அலையுது, உதறுது, அமுங்குது, தூக்கிப்போடுது, வாலை ஆட்டுது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் இவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒவ்வொன்றும் தனி நோய். 'இழுக்குது' என்றால் ஒரு பக்க டயரில் காற்று குறைவு, இல்லையென்றால் அலைன்மென்ட் போயிருக்கிறது. 'அலையுது' என்றால் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம். 'உதறுது' என்றால் முதலில் சக்கரத்தின் பேலன்ஸைப் பார்ப்பார்கள். எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன் மெக்கானிக் கேட்பது "என்ன பண்ணுது?" என்றுதான். ஓட்டி வந்தவர் தன் உள்ளங்கையும் இடுப்பும் வயிறும் சொன்னதைத் திருப்பிச் சொல்வார். அதுதான் முதல் பரிசோதனை.

வாகனப் பொறியியல் முதுகலை படிக்க இங்கிலாந்து போனபோது, அங்கேயும் நிலைமை இதுதான் என்று தெரிந்து கொஞ்சம் சிரிப்பு வந்தது. ரைடு, ஹேண்ட்லிங் என்று இரண்டு சொற்களைச் சேர்த்தே சொல்வார்கள். ரைடு என்பது மேடு பள்ளத்தில் வண்டி உள்ளே இருப்பவரை எப்படி நடத்துகிறது என்பது. ஹேண்ட்லிங் என்பது வளைவில் ஓட்டுபவர் சொல்வதை வண்டி எப்படிக் கேட்கிறது என்பது. அதிர்வை அளக்கும் கருவிகளை இருக்கையிலும் சக்கரத்திலும் ஒட்டுகிறார்கள், வரைபடம் வரைகிறார்கள். ஆனால் கடைசியில் ஒரு மனிதர் ஏறி அமர்ந்து, ஓட்டி இறங்கி, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார். உணர்ச்சிக்கு இடமில்லை என்று பெயர் வாங்கிய பொறியியலில், 'எனக்கு இப்படி இருந்தது' என்பதே இறுதிச் சான்றாக நிற்கும் துறை இது.

அப்படியானால் மதிப்பெண் போடும் உடம்பு யாருடையது என்ற கேள்வி வருகிறது. அந்தக் கேள்வி எனக்கு நூலகத்தில் வரவில்லை. ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் படுத்திருந்தபோது வந்தது.

கார் ஒரு 2003 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே பேர் உட்காரலாம், துணிக்கூரை, பின்சக்கர இயக்கம், எடை ஆயிரத்துச் சொச்சம் கிலோ. 1989இல் முதல் மாடல் வந்ததிலிருந்து உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இதுதான். அந்த ஊரில் பழையது மலிவாகக் கிடைக்கும். கதவின் கீழ்ப்பகுதி துருப்பிடித்திருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன், கேம்பரையும் டோவையும் திருகி மாற்ற ஒவ்வொரு மூலையிலும் போல்ட்டுகள். சஸ்பென்ஷன் கற்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தில் வாங்கினேன். எனக்கு முன் வைத்திருந்தவர் கடினமான ஸ்பிரிங் கொண்ட காயிலோவர் போட்டு, வண்டியைத் தரையோடு தாழ்த்தி வைத்திருந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. ஓட்டினால் ஒவ்வொரு குழியிலும் முதுகெலும்பில் சுத்தியல் விழுந்தது. மழையில் வளைவின் நடுவில் சின்ன மேடு வந்தால் பின்புறம் சொல்லாமல் கொள்ளாமல் விலகியது.

முதலில் ஒரு பட்டறைக்குப் போனேன். துணைக்கு வகுப்புத் தோழன் ஒருவன் வந்தான். நான் அறிகுறிகளைச் சொன்னேன். அங்கிருந்தவர் என்னைப் பார்த்து "லவ்" என்று அன்பாகச் சொல்லிவிட்டு, பதிலை என் தோழனுக்குச் சொன்னார். அவனுக்குக் கார் ஓட்டவே தெரியாது. "ஸ்போர்ட்ஸ் கார்னா கொஞ்சம் குலுங்கத்தான் செய்யும், அவங்களுக்குப் பழகிடும்" என்பதுதான் பதிலின் சாரம். பழகிடும் என்ற அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். மாதவிடாய் வலிக்கு, புதுச் செருப்புக்கு, புகுந்த வீட்டுக்கு.

சரி, நாமே பார்க்கலாம் என்று வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பயப்படாதீர்கள், எளிமையானதுதான்.

சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையில் ஸ்பிரிங் இருக்கிறது. அதன் வேலை எடையைத் தாங்குவதும் அமுங்கிக் கொடுப்பதும். அமுங்கிய ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது டேம்பர், நம் ஊர்ச் சொல்லில் ஷாக் அப்சர்வர். ஸ்பிரிங் அமுங்குவதற்கு ஒரு எல்லை உண்டு. எல்லையில் உலோகத்தோடு உலோகம் மோதாமல் இருக்க டேம்பரின் தண்டில் ஒரு நுரைக் கட்டை மாட்டியிருக்கும். அதுதான் பம்ப் ஸ்டாப். எப்போதாவது பெரிய குழியில் விழுந்தால் மட்டும் அது தொட வேண்டும்.

எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கிக் கட்டி, அடிமட்டத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு சுற்று ஓட்டி வந்தால் போதும். டை எங்கே தள்ளப்பட்டு நிற்கிறதோ அதுவரை அமுங்கியிருக்கிறது. என் காரின் பின்புறத்தில், வண்டி சும்மா நிற்கும்போதே நுரைக் கட்டைக்கு 12 மி.மீ. தூரம்தான் மிச்சம். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டை கட்டைக்குள்ளேயே புதைந்திருந்தது. அந்த வண்டியின் குலுக்கலுக்குக் காரணம் கடின ஸ்பிரிங் மட்டுமல்ல. ஸ்பிரிங் வேலை செய்யவே இடம் இல்லை. ஒவ்வொரு சிறு மேட்டுக்கும் அது கடைசி எல்லையில் போய் முட்டிக்கொண்டிருந்தது. வளைவில் பின்புறம் விலகியதும் அதனால்தான். சாய்ந்த பக்கத்தின் கட்டை முட்டியதும் அந்தச் சக்கரத்தின் விறைப்பு ஒரே நொடியில் பல மடங்காகிறது, டயர் பிடியை விடுகிறது.

தொழில்நுட்பக் கட்டுரையில் இதை 'பயணத் தூரம் போதாமை' என்று எழுதலாம். நான் காருக்கு அடியில் படுத்தபடி என் அம்மாவை நினைத்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைத் திருகி வண்டியை 25 மி.மீ. உயர்த்தினேன். நீளமான கட்டையை எடுத்துவிட்டு, குட்டையான, மெல்ல மெல்ல விறைக்கும் நுரைக் கட்டை வாங்கிப் போட்டேன். பின்புறத்தில் 12 மி.மீ. இருந்த இடம் 46 ஆனது. உயர்த்தினால் கேம்பரும் டோவும் மாறிவிடும், ஆகவே அலைன்மென்ட். அத்தோடு நான்கு மூலை எடை.

இதற்கு வேறொரு பட்டறை, ரேஸ் கார்கள் வரும் இடம். நான்கு சக்கரங்களுக்கும் கீழே நான்கு எடைத்தட்டுகள் வைத்து, குறுக்கு மூலைகளின் கூட்டு எடை மொத்தத்தில் பாதிக்கு வரும்படி உயரங்களைச் சரிசெய்வார்கள். நான்கு கால் முக்காலிக்கு ஒரு கால் குட்டையானால் என்ன ஆகுமோ அதைத் தவிர்க்கும் வேலை. ஓட்டுபவர் எடை இருக்கையில் இருக்கும் நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். அவர்கள் ஓட்டுநர் இருக்கையில் மணல் மூட்டைகளை அடுக்கத் தொடங்கினார்கள். எத்தனை கிலோ என்று கேட்டேன். எண்பது. நான் ஐம்பத்தொரு கிலோ என்றேன். "ஓட்டப் போறது நீங்களா?" என்றார் அந்தப் பையன். உண்மையான ஆச்சரியம்தான், கிண்டல் இல்லை. மூட்டைகளை இறக்கச் சொல்லிவிட்டு நானே ஏறி உட்கார்ந்தேன். இருக்கையை முன்னுக்கு இழுத்து, நான் ஓட்டும் இடத்தில் வைத்து. மூட்டைக்கு அந்த வசதி கிடையாது.

29 கிலோ வித்தியாசத்தால் உலகம் கவிழ்ந்துவிடாது. என்னைப் போன்ற சாதாரண ஓட்டுநருக்கு அது வளைவில் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அந்த எண்பது கிலோ மூட்டை எங்கிருந்து வந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் நிறுத்த முடியவில்லை. ஐரோப்பிய விதிகளில் காரின் எடையைக் கணக்கிடும்போது ஓட்டுநருக்கு என்று சேர்க்கப்படுவது 75 கிலோ. பல ஆண்டுகள் விபத்துச் சோதனைகளின் அளவுகோலாக இருந்த, 1970களில் வடிவமைக்கப்பட்ட ஆண் பொம்மை 78 கிலோ. அதன் சிறிய பெண் பொம்மை 49 கிலோ, பெரும்பாலும் ஆணின் வடிவத்தைச் சுருக்கி எடுத்தது. என் இளங்கலைக் காலத்தில் மாணவர்கள் ரேஸ் கார் கட்டும் போட்டிக்கு எங்கள் அணி தயாரானது. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால் கோவைப் பிள்ளைகளுக்கு அந்த ஆசை சுலபமாகத் தொற்றும். அந்த வகைப் போட்டிகளின் விதிப்புத்தகத்தில் பெர்சி என்று ஓர் உருவம் வரும். நூற்றில் தொண்ணூற்றைந்து ஆண்களைவிடப் பெரிய ஆணின் அளவு. அவன் ஓட்டுநர் அறைக்குள் அடங்கியே ஆக வேண்டும். மிகச் சிறிய பெண்ணுக்கும் இருக்கை பொருந்த வேண்டும் என்று ஒரு வரி உண்டுதான். ஆனால் பெயர் வைத்தது பெர்சிக்கு மட்டும். எங்கள் காரை நான் ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் முதுகுக்குப் பின்னால் நுரையை அடைத்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. செங்குத்தான அதிர்வில் மனித உடல் அதிகம் துன்பப்படுவது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு நான்கு முதல் எட்டு அதிர்வுகள். வயிற்றுக்குள் இருப்பவை எல்லாம் அப்போது சேர்ந்து ஆடும். இது பாடத்தில் உண்டு. அந்தக் கார் பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டிருந்த மாதங்களில், மாதவிடாய்க்கு முந்தைய வாரம் அதை ஓட்ட எனக்கு ஸ்போர்ட்ஸ் பிரா தேவைப்பட்டது. மார்பு வலித்தது. என் சோதனைக் குறிப்பில் தேதி, டயர் காற்று, வெப்பநிலை, டேம்பர் கிளிக் எண்ணிக்கை ஆகியவற்றோடு 'மார்பு வலி, இடது அதிகம்' என்றும் எழுதினேன். மேற்பார்வை பார்த்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டினார், முகம் சிவந்தது, அடுத்த பக்கத்துக்குப் போனார். 'கழுத்து வலி' என்று ஒரு பையன் எழுதியிருந்த இடத்தில் நின்று, எந்த வேகத்தில், எந்தச் சாலையில் என்று விசாரித்தார். இரண்டும் ஒரே அதிர்வு சொன்ன செய்திதான்.

லீனா கேடை பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தியப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். 2011இல் ஆடி அணியின் ரேஸ் என்ஜினியராக இருந்து லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார், அந்தப் பொறுப்பில் வென்ற முதல் பெண். பிறகு 2012, 2014 என மேலும் இரண்டு முறை. ரேஸ் என்ஜினியரின் வேலையில் பெரும்பகுதி கேட்பது. ஓட்டுநர் ரேடியோவில் 'முன்னால் பிடி இல்லை' என்று முனகுவதை இத்தனை கிலோ காற்றாக, இத்தனை கிளிக்காக மொழிபெயர்ப்பது. பெண்ணால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று வெற்றிகள் போதும். எனக்கு வேண்டியிருந்தது வேறு. கேட்பவள் பெண்ணாகிவிட்டாள். சொல்பவள் பெண்ணானால் யார் கேட்பது?

இனி அம்மா.

என் அம்மா இருபத்தைந்து வருடம் அப்பாவின் வண்டிகளில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போனவர். முதலில் டிவிஎஸ் 50, பிறகு ஒரு பைக். சூலூருக்கும் பல்லடத்துக்கும் இடையில், கல்யாணம், காதுகுத்து, எழவு எல்லாவற்றுக்கும். சேலை கட்டி, இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு, மடியில் நான். அந்த வண்டியை எடைத்தட்டில் ஏற்றினால் என்ன வந்திருக்கும் என்று பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். பின்னால் இருப்பவரின் எடை நடுக்கோட்டில் இல்லை. அதை ஈடுகட்ட அப்பா தன்னையறியாமல் வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவார். அவருக்கு முன்னால் குழி தெரியும், இடுப்பைத் தூக்கிக்கொள்வார். அம்மாவுக்குத் தெரியாது. பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, ஊன்ற ஒரு பலகை. முதுகு முறுக்கிய நிலையில் ஒவ்வொரு குழியும் நேராக இடுப்பில் இறங்கும். இந்திய மோட்டார் வாகன விதிகளின்படி பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு இருந்தாக வேண்டும், சேலை சிக்காமல் இருக்க. சேலைக்கு ஏற்பாடு இருந்தது.

அம்மாவுக்கு முப்பத்தைந்து வயதில் இடுப்பு வலி தொடங்கியது. பாட்டி, "அவளுக்கு எப்பவும் எங்கயாச்சும் வலிக்கும்" என்பார். ஒரு டாக்டர் உடம்பைக் குறைக்கச் சொன்னார், இன்னொருவர் கவலையைக் குறைக்கச் சொன்னார். அம்மா சொன்ன விவரம் மிகத் துல்லியமானது: "உட்கார்ந்தா இல்லைங்க, எந்திரிக்கறப்ப இடது காலுக்கு ஒரு கம்பி இழுத்தாப்பல போகுது." இதைவிடத் தெளிவான குறிப்பை எந்தச் சோதனை ஓட்டுநரும் தர முடியாது. பத்தொன்பது வருடம் கழித்துத்தான் ஸ்கேன் எடுத்தார்கள். நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

நான் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் சேர்ந்த பின், அம்மா ஆறு மாத விசாவில் வந்தார். வயது அறுபத்தொன்று. காரின் உயரத்தைச் சரிசெய்திருந்தேன், பம்ப் ஸ்டாப் தொந்தரவு போயிருந்தது. ஸ்பிரிங்குகள் மட்டும் இன்னும் பழையவை. முன்னால் மில்லிமீட்டருக்கு 10 கிலோ, பின்னால் 6. என் கணக்கில் முன்புறம் நொடிக்கு ஏறத்தாழ 2.2 முறை ஆடக்கூடியது, பின்புறம் இரண்டுக்குச் சற்றே குறைவு. அந்த எண்களில் ஒரு சங்கதி இருந்தது. அதை எண் தெரியாத ஓர் உடம்பு உணருமா என்று பார்க்க எனக்கு ஆசை. அம்மாவிடம் எதுவும் சொல்லாமல், இடுப்புக்குத் தலையணை கொடுத்து, கிராமத்துச் சாலை ஒன்றில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அழைத்துப் போனேன். ஏற்ற இறக்கமான சாலை, இருபுறமும் வேலிச்செடி.

திரும்பி வந்து நிறுத்தியதும் "எப்பிடிம்மா இருந்துச்சு?" என்றேன். நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

"மேட்டுல ஏறி எறங்கறப்ப முன்னாடி டக்குனு நின்னுருது கண்ணு. பின்னாடிதான் தூக்குது. அது நிக்கறதுக்குள்ள மறுபடி முன்னாடி எந்திரிக்குது. ஊஞ்சல்ல ஒரு பக்கம் மட்டும் ஆட்டிவுட்டாப்பல."

1930களின் தொடக்கத்தில் மோரிஸ் ஓலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் அமெரிக்காவில் கேடிலாக் நிறுவனத்தில் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஒரு காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றி, அதில் ஏறிப் பயணம் செய்து பார்த்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். என் கார் 80 கி.மீ. வேகத்தில் போனால் பின்சக்கரம் அதே மேட்டில் ஏறப் பத்தில் ஒரு நொடி ஆகும். பின்புறம் தாமதமாக ஆடத் தொடங்குவதால், அது முன்புறத்தைவிடச் சற்று வேகமாக ஆடினால்தான் எட்டிப் பிடித்து, இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கும். பின்புறம் மெதுவாக ஆடினால் வண்டி குதிரை பொம்மைபோல முன்னும் பின்னுமாகத் தலையாட்டும். முன் ஸ்பிரிங் மென்மையாக, பின் ஸ்பிரிங் அதைவிட விறைப்பாக இருக்க வேண்டும் என்பது ஓலி கண்டறிந்தது. அம்மா சொன்ன ஊஞ்சல் அதுதான்.

முன்னால் 7 கிலோ ஸ்பிரிங் வாங்கினேன். கணக்கில் முன்புறம் 1.8, பின்புறம் அதைவிட ஒன்பது சதவீதம் வேகம். ஆனால் முன்புறத்தை மென்மையாக்கினால் வளைவில் முன்புறம் அதிகம் சாயும், பாரம் பின் டயர்களுக்குப் போகும், பின்புறம் விலகப் பார்க்கும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும் வேலை இது. அதனால் முன்புற ஆன்டி-ரோல் பாரை 22 மி.மீ.யிலிருந்து 24 ஆக்கினேன். இரண்டே மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால் 42 சதவீதம் கூடுகிறது. நேராக ஏறும் மேட்டில் அந்தக் கம்பி குறுக்கிடாது, வண்டி சாயும்போது மட்டும் எதிர்க்கும். ரைடுக்கு ஸ்பிரிங், ஹேண்ட்லிங்குக்குக் கம்பி என்று மிக எளிமையாகச் சொல்லிவைக்கலாம். நிபுணர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வேலை நடந்த இரண்டு சனிக்கிழமைகளும் அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஸ்பானர் எண்களை மறுநாளே மனப்பாடமாக்கிவிட்டார். கேட்பதற்குள் பதினான்கு வரும், பதினேழு வரும். "உங்கப்பா வண்டியில இப்படி எதாச்சும் திருப்பி வெக்க முடியுமா?" என்று ஒருமுறை கேட்டார். பைக்குகளின் பின் ஷாக் அப்சர்வரில் ஆள் கூடினால் திருப்பிவைக்க நிலைகள் உண்டு, பட்டறையில் சொன்னால் ஒரு நிமிட வேலை என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் கேக்கவே இல்லையே" என்றார். யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவையா, டாக்டர்களையா, மெக்கானிக்கையா.

புது ஸ்பிரிங் போட்டு அதே சாலையில் போனோம். இறங்கியதும் நோட்டை எடுத்து, தேதி போட்டு, டயர் காற்று நான்கிலும் 26 பிஎஸ்ஐ, டேம்பர் பின்புறம் எட்டு கிளிக் என்று எழுதி, பத்துக்கு எத்தனை என்று அம்மாவைக் கேட்டேன். ஏழு என்றார். மீதி மூன்றுக்கு என்ன குறை?

"ஒரே ஆட்டுல நின்னுருது இப்ப, அது சரி. ஆனா சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் பின்னாடி சுருக்குனு குத்துது. கீழ போறப்ப இல்ல, மேல வர்றப்ப."

மேலே வரும்போது என்றால் ரீபவுண்ட். இரண்டு கிளிக் தளர்த்தினேன். அம்மா மறுபடி தலையணையைச் சரிசெய்துகொண்டு பெல்ட்டைப் போட்டார்.